ஓர் இலை போட இடம்

“ஆறு பேரு தாராளமா உக்காரலாம் அண்ணாச்சி. ஆனா ஒருத்தர் எந்திரிக்கணும்னா மத்த அஞ்சு பேரும் எந்திரிக்கணும்,” என்றார் தச்சர் பீர் முகம்மது.

மகேஸ்வரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். வேறு எங்கும் நிற்க இடமில்லை. மேலப்பாளையத்திலிருந்து அன்று திங்கட்கிழமை மத்தியானம் வந்து இறங்கிய சாப்பாட்டு மேஜை ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்தது. போன வாரம் வந்த சோபா அதன் காலில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பூனை போகலாம், அதுவும் ஒல்லிப் பூனையாக இருந்தால்.

“அளவெடுத்துத்தான வே செஞ்சீரு?”

“மேசைக்கு அளவெடுத்தேன். நாக்காலிக்கு அளவெடுத்தேன். ஹாலுக்கும் அளவெடுக்கணும்னு நீங்க சொல்லலிய.”

பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருக்கும் மகேஸ்வரனுக்கு, தன் ஹாலை ஏறிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இத்தனை நாளும் வந்ததில்லை. பத்து நாளைக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. மூன்றே வரி. ‘வருகிற இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில். இலை போட இடம் இருக்கிறதா?’

எழுதியது அவருடைய அண்ணன் அம்பலவாணன். தகப்பன் இல்லாத தம்பியைத் தன் சம்பளத்தில் படிக்கவைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டின் பால்காய்ப்பு அன்று, ஹாலில் ஆபீஸ் அதிகாரிகளை உட்காரவைத்துவிட்டு, சொந்த அண்ணனுக்குக் கொல்லைப்புறத்தில் துவைகல் பக்கம் இலை போட்டுவிட்டார் மகேஸ்வரன். அண்ணன் சாம்பாரோடு எழுந்துவிட்டார். “நான் ஆளாக்கின பயலோட வீட்டுல எனக்கு ஒரு எலை போட எடமில்ல” என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் படியிறங்கியவர்தான், மெட்ராஸில் மகன் வீட்டோடு போய்விட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் பக்கம். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு உறவு என்று தபாலில் வரும் கல்யாணப் பத்திரிகைகள்தான்.

ஆகவே மகேஸ்வரன் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஹாலைச் செய்தாக வேண்டும். மனைவி பாலம்மாள் வாங்கும் வாரப் பத்திரிகையில், ‘வரவேற்பறைக்குள் நுழைந்ததுமே விருந்தாளி அப்பாடா என்று உட்கார வேண்டும்’ என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

“அந்த மூலையில போன் வச்சிருக்கிற பலகையக் கழட்டிட்டா ஒரு சாண் கெடைக்கும்,” என்றார் பீர் முகம்மது.

“கழட்டும் வே.”

கழற்றினார். பலகை வந்தது. பின்னாலேயே ஒயரும் வந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து புகார் சொன்னதற்கு, புதன்கிழமை ஆள் வரும் என்றார்கள். போகட்டும், இந்த வீட்டுக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் மகேஸ்வரன். ஒரு சாண் கிடைத்ததே பெரிது. பீர் முகம்மது மேஜையைச் சுவரோரம் தள்ளி, சாயங்காலமே வார்னிஷ் அடித்துவிட்டுப் போனார். ஐப்பசி மழை பிடித்திருந்ததால் அது காயவில்லை. வீடு முழுக்க நெடி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த மகேஸ்வரனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பெரியப்பா மகள் வீட்டுக்காரர் அம்மையப்பன் அத்தான்! ஒன்பது வருஷமாக ரத வீதியில் எதிரே பார்த்தால்கூடச் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறவர்.

“வாங்க அத்தான், வாங்க வாங்க! பாலா, காப்பி போடு!”

அம்மையப்பன் குடையை நிலையோரம் சாத்தினார். உள்ளே வந்து, சோபாவைத் தாண்டி, ஜன்னலோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“தரையில எதுக்கு? சோபா இருக்குல்லா?”

“இருக்கட்டும்டே.”

பிளாஸ்டிக் உறையை எடுக்காமல் விட்டது தப்பு என்று மகேஸ்வரனுக்குப் பட்டது. பரபரவென்று அதை உரித்தார். அத்தான் அப்போதும் அசையவில்லை. சரி, மேஜையாவது பார்க்கட்டும்.

“இது அண்ணாச்சிக்காகவே செஞ்சது அத்தான். இந்தா, இந்தக் கைவச்ச நாக்காலிதான் அவுகளுக்கு. நேர் மேல ஃபேன்.”

அம்மையப்பனின் கண் கலங்கிவிட்டது.

“வார்னிஷ் நெடி,” என்றார் மகேஸ்வரன் சங்கடத்தோடு. “மழையில காய மாட்டேங்கு.”

அம்மையப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நடந்தது நடந்துபோச்சு மகேசா. இனிமே அதையே நெனைச்சு மறுகிக்கிட்டு இருக்காத.”

மகேஸ்வரனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒன்பது வருஷத்துப் பகையை இவ்வளவு லேசாக யாரால் கழற்றி வைக்க முடியும்? காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், அத்தான் குடையோடு தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார்.

“சொல்லிக்கிடாமப் போறாவளே,” என்றாள் பாலம்மாள்.

“நெடி தாங்கலட்டி. சோபாவும் பிடிக்கல. ஊதுபத்தி இருக்கா?”

ஒரு பாக்கெட் ஊதுபத்தியை நான்கு மூலையிலும் கொளுத்தி வைத்தார். பத்து நிமிஷத்தில் வார்னிஷ் நெடியும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து, வீட்டுக்காரருக்கே இருமல் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஆவுடையம்மாள் சித்தி வந்தாள், தச்சநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. வந்தவள் நிலையைத் தாண்டியதும் பாலம்மாளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவர்களிடம் காரணம் கேட்கிற பழக்கம் பாலம்மாளுக்குக் கிடையாது. அதோடு, மேஜை வந்து இறங்கியதிலிருந்தே அவளுக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது. இருவரும் சோபாவுக்கும் மேஜைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வேண்டிய மட்டும் அழுதார்கள்.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்த சித்தி மேஜையைப் பார்த்தாள். “என்னடே இது?”

“அண்ணாச்சி உக்காந்து சாப்பிட.”

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “இத ஒம்போது வருசத்துக்கு முன்னால செஞ்சிருக்கப்படாதா, பாவி?”

இந்தப் பத்து நாளாகத் தன்னையே மகேஸ்வரன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

புகையில் கண் எரிகிறது என்று, சோபாவையும் நாற்காலிகளையும் வாசலுக்குக் கொண்டுபோனார். மேஜையிலிருந்து நெடி வெளியேறும் வரைக்கும் விருந்தாளிகள் காற்றாட உட்காரட்டும். தூறல் விழுந்தது. பீர் முகம்மது விட்டுப்போன தார்ப்பாயை கேட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக இழுத்துக் கட்டினார்.

அதற்கப்புறம் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். ஆபீஸிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முறப்பநாட்டிலிருந்து சித்தப்பா மகன் வந்தான். தெருவில் சைக்கிளில் போன பழைய வாத்தியார் ஒருவர் தார்ப்பாயைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளைச் சாத்திவிட்டுத் தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் எட்டுப் பேர். அத்தனை பேரும் வாசலில். ஹாலுக்குள் ஈ காக்கை இல்லை.

“உள்ள வாங்க, இப்ப நெடி கொறஞ்சிட்டு. பைய வந்து பாருங்க,” என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினார் மகேஸ்வரன்.

“நீ அலையாத மகேசா. ஒரு எடமா உக்காரு.”

“இல்ல, இந்த ஃபேன மட்டும் வந்து பாருங்களேன்.”

அவர் நகர்ந்ததும் வாத்தியார் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. “பாவம், தாங்கிக்கிட முடியல போலிருக்கு. ஒரு நெலையில இல்ல.”

மேஜைப் பேச்சைக் கேட்டவர்கள் எல்லோருமே தன்னைப் பைத்தியக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார் மகேஸ்வரன். போகட்டும். வாய் என்ன பேசினாலும் வயிறு ஒத்துக்கொள்ளும். ஒன்பது வருஷம் கழித்து வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. வெள்ளிக்கிழமைக்கு ஓர் ஒத்திகை மாதிரியும் இருக்கும்.

“எட்டு எலை அறுத்துட்டு வாரேன். நீ சாம்பாரத் தாளி,” என்றார் பாலம்மாளிடம்.

மேஜையின் மேல் பழைய பேப்பரை விரித்து, எட்டு இலைகளையும் நெருக்கிப் போட்டார். ஆறு பேர் மேஜையில் எட்டு. அத்தனை பேருக்கும் ஹாலிலேயே இடம், ஒருவருக்குக்கூடக் கொல்லைப்புறம் கிடையாது. அதைப் பார்த்தபோது அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. உள்ளே கடுகு வெடித்து, பெருங்காய வாசனை வாசல் வரைக்கும் போனது.

வாசலில் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாத்தியார் எழுந்தார். பிறகு ஆபீஸ்காரர்கள். “சித்தி, சாப்பிட்டுட்டுப் போலாம்,” என்று மகேஸ்வரன் குறுக்கே நின்றதற்கு, ஆவுடையம்மாள் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். ஒருவரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. தூறலில் நனைந்துகொண்டே போய்விட்டார்கள்.

மகேஸ்வரன் வாசலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, எட்டு வெற்று இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். பாலம்மாள் சாம்பார்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“வந்தவுக ஒருத்தர்கூட இங்கன கை நனைக்கல பாத்தியா? அண்ணாச்சியும் இப்படித்தான் எந்திரிச்சிப் போவாவ.”

“போவ மாட்டாவ. அவுகளே எழுதித்தான வாராவ.”

“எனக்கு ஒரு வீட்ட வச்சிக்கிடத் தெரியலட்டி. மனுசாள உக்காரவைக்கத் தெரியல.” ஐம்பத்து நான்கு வயதில், காயாத மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் அழுதார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இந்த முறை அண்ணன் எழுந்துபோனால் திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்கு நிலையில் நிழல் தட்டியது. அம்மையப்பன் அத்தான், குடையை மீறி நனைந்திருந்தார். நேராக உள்ளே வந்து, மகேஸ்வரனின் தோளில் கைவைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து இலையின் மேல் வைத்தார்.

“காலையிலேர்ந்து ஜங்ஷன்லயே கெடந்து ராத்திரி வண்டிக்கு டிக்கட் வாங்கிட்டேன் மகேசா, நீ போயி மொகத்தப் பாக்காம அண்ணன எடுக்கக்கூடாதுன்னு மெட்ராஸுக்கும் போன்ல சொல்லியாச்சு.”