மூக்குத்திப் பக்கத்துக் கண்

சேட்டு சைக்கிள் மணியை அடித்தான். மங்கம்மாளின் வலது கண், மூக்குத்தி போட்ட பக்கத்துக் கண், ஒருதரம் மூடித் திறந்தது.

புளியமரத்தில் கிளை உலுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் சடையன் மேலேயிருந்து அதைப் பார்த்துவிட்டான். சேட்டு மலையடிவாரத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அலுமினியப் பாத்திரம் விற்கிறவன். படிய வாரிய தலை, சட்டைப் பையில் சீப்பு. பாத்திரம் விற்கிறவனுக்குச் சீப்பு எதற்கு? சடையன் மரத்திலிருந்து சரசரவென்று இறங்கி வந்தான்.

"இன்னாடி, அவனப் பாத்துக் கண்ணடிக்கிற?"

"நானா? முயல் வூட்டு வேலைக்குப் போனதுல இருந்து மணி அடிச்சா கண்ணு தானா மூடிக்குதுய்யா. நான் இன்னா பண்றது?"

முயல் வீடு என்பது ஊர்க்கோடி ஓட்டுவீடு. பக்கத்து மலையில் காவலூருக்குத் தொலைநோக்கியோடு ஆகாசத்தைப் பார்க்க ஒரு கூட்டம் வந்த மாதிரி, முயலின் கண்ணைப் பார்க்க இங்கே டாக்டர் சக்கரவர்த்தி வந்திருந்தார். லாரிச் சத்தம் இல்லாத இடம் வேண்டுமாம். மணி அடிப்பார். உடனே ரப்பர் குழாய் வழியாக முயலின் கண்ணில் புஸ்ஸென்று காற்று அடிக்கும். முயல் கண்ணை மூடும். இப்படியே பழக்கினால், அப்புறம் காற்றே வேண்டாம், வெறும் மணிக்கே மூடிக்கொள்ளும். இதற்குப் படிப்பு, இதற்குச் சம்பளம். முயலைப் பிடித்துக்கொள்ளும் வேலை மங்கம்மாளுடையது.

முயல் பழகினால் இவள் கண் ஏன் மூட வேண்டும்? சடையன் நம்பவில்லை. மறுநாளே அவளை வேலையை விட்டு நிறுத்தினான். அதில் வந்த லாபம், சேட்டு வரும் நேரத்தில் அவள் வீட்டிலேயே இருந்தாள். சடையன் சேட்டுவின் சைக்கிள் மணியைக் கழற்றி ஓடையில் எறிந்தான். சேட்டு புது மணி மாட்டிக்கொண்டு வந்தான். அது பழையதைவிடக் கணீரென்றது.

முயல் வீட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட, அவள் வேலைக்குச் சடையனே போனான். டாக்டரின் ஆள் கோவிந்தன் முயலைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். இடது தோளில் சாய்த்து, கன்னத்தோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மணி. புஸ். காற்று முயலுக்குப் பாதி, சடையனுக்குப் பாதி.

டாக்டர் நல்ல மனுஷர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"பின்மண்டையில சின்னதா ஒரு மூளை இருக்குப்பா. இந்தப் பழக்கம் அங்கதான் போய் உக்காருது. அதுல ஒரு பொட்டு கெட்டாலும் போச்சு. காத்துக்குக் கண்ணு மூடும், மணிக்கு மூடாது."

"பொம்பளைங்களுக்கும் அந்தச் சின்ன மூளை கீதுங்களா?"

"எல்லாருக்கும் இருக்கு."

அந்தப் பதிலில் சடையனுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. வேலை பார்க்கும்போதும் நினைப்பெல்லாம் சேட்டுவின் சீப்பில்தான் இருந்தது. கடைசியில் ஊர்க்கவுண்டரிடம் போய்ப் பிராது வைத்தான்.

அந்த ஊரில் இப்படிப் பிராது வந்தால் காளி கோயிலில் சத்தியம். பெரிய மணியை அடிப்பார்கள், அது அடங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். மணி அடித்தது. ஊரே மங்கம்மாளின் கண்ணைப் பார்த்தது. அது அசையவில்லை. "எம்மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கல் மாதிரி நின்றாள்.

சடையனின் இடது கண்தான் மூடித் திறந்தது. அவனுக்கு நேர் எதிரே ஊர்க்கவுண்டரின் சம்சாரம் நின்றிருந்தாள். மறுபடி மணி. மறுபடி கண். கவுண்டர் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஏண்டா சடையா, சத்தியம் பண்ற எடத்துல எம் பொண்டாட்டிக்கே கண்ணடிக்கிறியா?"

நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, யாரோ ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் முயல் கதை முழுவதையும் சொன்னார். முயலைப் பிடிக்கிறவர் கண்ணும் கூடவே பழகிவிடும், காற்றில்லாமல் மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் மறந்தும் போகும், மங்கம்மாளுக்கு மறந்துவிட்டது என்றார். கூட்டம் சிரித்தது. கவுண்டர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஆனால் பழி சொன்னதற்குத் தண்டனை உண்டு. பழி சுமந்தவனைத் தன் வீட்டில் உட்கார வைத்து, தன் கையாலேயே சோறு போட வேண்டும்.

மறுநாள் மத்தியானம் சாமைச் சோறும் கோழிக்குழம்பும். சேட்டு தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் சாட்சிக்கு வந்த கோவிந்தன். சடையனே பரிமாறினான். முதல் கரண்டி போடும்போது கை கூசியது. அப்புறம் மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கின மாதிரி இருந்தது. பாவம், ஒரு பாவமும் அறியாதவனை என்ன பாடு படுத்திவிட்டோம்! ஈரலைத் தேடி எடுத்து அவன் இலையில் வைத்தான்.

"இனிமே இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் இங்கயே சாப்ட்டுப் போ, சேட்டு. நாந்தான் மடையன். மணி அடிச்சதும் இவ மூக்குத்திப் பக்கத்துக் கண்ணு மூடிச்சி. பழக்கம்னு தெரியாம, சந்தேகப்பட்டுட்டேன்."

மங்கம்மாள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். சேட்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த கோவிந்தன் நிமிர்ந்தான். "மூக்குத்திப் பக்கமா? முயல நாம எல்லாருமே எடது தோள்லதான புடிக்கிறோம், அண்ணா? வலது கண்ணுக்குக் காத்தே வராதே."