ஹெட்டியின் வலைக் கவுன்

நெவில் எழுந்தான். ஷேவ் செய்தான். பூனைக்குச் சாப்பாடு வைத்தான். ரொட்டியை வாட்டினான், கருகியது. கரியைச் சுரண்டிவிட்டுத் தின்றான். பிறகு அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினான்.

உள்ளே அவன் மனைவி ஹெட்டியின் கல்யாணக் கவுன். உலகப்போர் முடிந்த காலத்தில் யாரோ நடனத்துக்குத் தைத்தது. மேலே லேஸ், இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்காக நைலான் வலை. சந்தை சந்தையாக அலைந்து இப்படிப்பட்டவற்றை வாங்குவதில் ஹெட்டிக்குப் பைத்தியம். அவன் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்.

இன்று அவள் தங்கை பிரைடிக்குக் கல்யாணம். "அன்னைக்குக் காலையில இந்தப் பெட்டிய அவகிட்ட குடுத்துடு," என்று ஹெட்டி ஆஸ்பத்திரியில் சாவதற்கு முன் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் வேலை.

திறந்து பார்த்திருக்க வேண்டாம். வலை கசங்கியிருந்தது.

இஸ்திரிப் பெட்டியை வைத்தான். கசங்கல் போய்விட்டது, வலையும் போய்விட்டது. தட்டு அளவுக்கு ஓட்டை. மிச்சம் இஸ்திரிப் பெட்டியின் அடியில் பாகாக ஒட்டியிருந்தது.

அந்த அடுக்கை வெட்டி எடுத்தான். பாவாடை இடப்பக்கம் சரிந்தது. வலப்பக்கம் வெட்டினான். வலப்பக்கம் சரிந்தது.

சமையலறை ஜன்னலில் வலைத்திரை தொங்கியது. கழற்றித் தைக்க உட்கார்ந்தான்.

திரை போனதும் பக்கத்து வீட்டு டோரீன் ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"என்ன கண்ணு, ஜட்டியோட உட்கார்ந்து கவுன் தைக்கிற?"

"பேன்ட் கசங்கியிருக்கு. இஸ்திரிப் பெட்டி போயிடுச்சு."

"லேஸும் வலையும் நெய்யுற நாட்டிங்ஹாம்ல பொறந்துட்டு நைலானுக்குச் சூடு வச்சியா? நல்லா இருக்குடா!"

"ஒட்டுப் போட்டது தெரியுதா?"

"ரோஜாப்பூ போட்டிருக்கே கண்ணு. நேத்து வரைக்கும் உன் ஜன்னல்ல பார்த்த பூ."

கவுனைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பிரைடி வீட்டுக்குக் கசங்கிய பேன்ட்டோடு நடந்தான். ஹெட்டி விட்டுப்போன ஒரே வேலை. அதையும் கெடுத்தாயிற்று. மன்னிப்பை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினான்.

பிரைடி திறந்தாள். ஹெட்டியின் கவுனை உடுத்தியிருந்தாள். ஓட்டையில்லை, ரோஜாப்பூ இல்லை.

நெவில் அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"அப்ப இது?"

பிரைடி மூடியைத் திறந்தாள். ரோஜாப்பூவைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

"இது சந்தையில வாங்கின மட்டமானது, நெவில். நல்லது அப்பவே என்கிட்ட வந்துடுச்சு. அக்கா கடைசியா என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அவன் எப்படியும் இஸ்திரி போடுவான். போடட்டும்டி. அன்னைக்குக் காலையில அவனுக்கு ஏதாவது வேலை வேணும்.'"