முதல் வரிசைக் கணவர்

முதல் வரிசைக் கணவர் என்று ஓர் இனம் உண்டு. காடு மலையெல்லாம் போய்த் தேட வேண்டாம். சமூகக் கூடங்களில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 'இனிய இல்லறம்' என்று எட்டு வாரப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே, அங்கே ஒன்பதரைக்கே வந்து, வட்டமாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் தன்னுடையதை மட்டும் அரையடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்களைச் செருகிக்கொண்டு, பயிற்சி தரும் அம்மாள் வாயைத் திறப்பதற்குள்ளேயே தலையாட்டத் தொடங்கிவிடுகிறாரே, அவர்தான். வட்டத்தில் ஏது முதல் வரிசை என்கிறீர்களா? அவர் உட்காரும் இடம்தான் முதல் வரிசை. பக்கத்தில் ஒரு மனைவியும் இருப்பார். அவருக்குப் பேனா கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. ஒன்பது வருடமாக அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு பிரேக்கில் கால் வைத்தபடி வாழ்ந்தவர். பொறுமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

மூன்றாவது வாரம் 'கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல்' என்று ஒரு பாடம். மனைவி சொன்னதைக் கணவர் தன் வாயால் ஒருமுறை சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். நல்ல பாடம். நம்மவர் கையில் அது சிக்கிவிட்டது. எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் மெல்லியது.

"பால் தீர்ந்துபோச்சு."

"பால் தீர்ந்துபோச்சுன்னு நீ சொல்ற. அதனால உனக்குள்ள ஒரு வெறுமை. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"பால்தாங்க தீர்ந்துபோச்சு. வெறுமையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"வெறுமை இல்லைன்னு நீ சொல்ற."

கடைசியில் பால் வாங்கப் போனது யார்? அந்த அம்மாதான். படி இறங்கும்போது நானும் என் மனைவியும் எதிரே வர, பின்னாலேயே வந்த கடைக்காரர் எங்கள் பேச்சின் நடுவே புகுந்து, "சார், நீங்க உங்க வீட்டம்மாவை இடைமறிச்சுப் பேசுறீங்க. கவனிச்சீங்களா?" என்றார். என் மனைவி சொல்ல வந்தது இன்றுவரை பாதியில் நிற்கிறது.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மாலை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவின் குரல் துள்ளியது.

"வெளியூர் பஸ் ஓட்டுற வேலை கிடைச்சிருச்சுங்க. நாளைக்கே சேரணும். ஆறு மணிக்குக் கிளம்புவேன், ஒன்பது மணிக்கு வண்டி எடுக்கணும். ராத்திரி அங்கேயே தங்கிட்டு மறுநாள்தான் வருவேன்."

ஒரு சொல் பிசகாமல், குரலில் கனிவு குறையாமல், அத்தனையையும் கடைக்காரர் திருப்பிச் சொன்னார். பேனா மூடியைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

"உங்களுக்கு இதுல வருத்தம் இல்லையே?"

"வருத்தம் இல்லையேன்னு நீ கேக்குற. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"ம். சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க." துள்ளல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. கடைக்காரர். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார், பயிற்சி நோட்டை மார்போடு அணைத்திருந்தார்.

"அவளைக் காணோம் சார். பெட்டியையும் காணோம். எந்தப் பாடத்துல கோட்டை விட்டேன்னே தெரியல."

என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, அவங்க பஸ் ஓட்டப் போயிருக்காங்க. நேத்து நீங்கதானே வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிச்சீங்க? எங்களுக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

நோட்டைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே அவர் கையெழுத்தில் இருந்தது: 'இடைமறிக்கவில்லை. குரல் நன்று.' பக்கத்தில் பச்சை மையில் ஒரு சரி. மனைவி சொன்னது என்ன என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. எங்கள் செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சந்தோஷமாச் சொன்னாளா?" என்று எங்களைக் கேட்டார்.

"முதல்ல சந்தோஷமாத்தான் சொன்னாங்க" என்றாள் என் மனைவி.

என் ஸ்கூட்டரில் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பறந்தேன். வண்டி நகரும்போது ஏறிவிட்டார். மேற்கொண்டு நடந்ததை அந்த அம்மாவே பிறகு எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். நடத்துநர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார்: 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' இரண்டரை மணி நேரம். பேச வழியில்லாத மனிதர் வேறென்ன செய்வார்? பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மனைவியின் பார்வை பக்கக் கண்ணாடிக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்தார். குறுக்கே பாய்ந்த லாரிக்கு அவள் பதறாமல் வழி விட்டதைப் பார்த்தார். பக்கவாட்டு வெயில் முகத்தில் அடிக்க, ஒரு கையால் அவள் கண்ணை மறைத்துக்கொண்டதையும் பார்த்தார். கடையில் இருநூறு வெயில் கண்ணாடிகள் தொங்குகின்றன. வீட்டுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

தேநீருக்கு வண்டி நின்றது. அந்த அம்மா இரண்டு கோப்பையோடு வந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

'எதுக்கு வந்தேன்னு நீ கேக்குற' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"பயந்துட்டேன்."

அந்த அம்மா சிரித்ததில் தேநீர் பாதி தரைக்குப் போனது. மிச்சமிருந்த பத்து நிமிடமும் அந்த அம்மாதான் பேசினார். மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டதை, சொன்னால் தடுப்பாரோ என்று தயங்கியதை, பெரிய வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கைக்கு வந்த கர்வத்தை. கணவர் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை.

"மிச்சத்தையும் சொல்லு" என்றார், விசில் ஊதியதும்.

"வண்டி எடுக்கணும். பேசாம வாங்க."

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? எட்டாவது வாரம் வகுப்பில் எழுந்து நின்று, 'பேசாமல் கேட்பது எப்படி' என்று முக்கால் மணி நேரம் பேசினார். பயிற்சி தரும் அம்மாள் மூன்று முறை இருமிப் பார்த்தார். கடைசியில் புது வெயில் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் மனைவிதான் சொன்னார்: "போதுங்க, உக்காருங்க." உட்கார்ந்துவிட்டார். அதுவே பெரிய தேர்ச்சி என்று கூடமே கைதட்டியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் வந்து ஏதோ சொன்னார்கள், நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்?