ஆசிரியருக்காகக் காத்திருக்கிறது

“சார், எனக்கும் ‘ஆசிரியருக்காகக் காத்திருக்கிறது’ன்னுதான் சார் வருது.”

“நான் இங்கதானே நிக்கிறேன்! இன்னும் எந்த ஆசிரியர் வரணுமாம்?”

வரலாற்று ஆசிரியர் தம் கையிலிருந்த டேப்லெட்டை மறுபடி தட்டினார். கேள்வி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாக அது பச்சை நிறத்தில் சாதித்தது. வகுப்புக்கு ஒரு தள்ளுவண்டியில் வரும் பிள்ளைகளின் டேப்லெட்டுகளோ அவரை ஆளாகவே மதிக்கவில்லை.

ஆய்வுக்கு வந்திருந்த கல்வி அதிகாரி பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சரின் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது இங்கேதான். “இன்னைக்கும் சொதப்பினீங்கன்னா, உங்க வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். நீங்க நூலகத்துல உட்காரலாம்” என்று தலைமை ஆசிரியை காலையிலேயே சொல்லிவிட்டார். வரலாற்று ஆசிரியரோ பாடம் நடத்துவதைத் தவிர வேறு எதிலும் ஒட்டாத மனிதர். மனைவிகூட, “வீட்லயாவது கேள்வி கேக்காம இருங்களேன்” என்பாள்.

கேள்வியை இன்னும் இரண்டு முறை அனுப்பினார். பலன் இல்லை.

“சார், எங்க டேப்லெட்டையெல்லாம் பூட்டித் திறந்து பாருங்க” என்றாள் முன்பெஞ்சுப் பெண்.

தம் டேப்லெட்டிலிருந்தே பூட்டினார். பக்கத்து வகுப்பின் சலசலப்பு சட்டென்று அடங்கியது. ‘கொடுத்துவைத்த மகராசி. பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறாள்!’ என்று பெருமூச்சு விட்டபடி திறந்தார்.

சரி, திரையிலாவது கேள்வியைக் காட்டலாம் என்று கைபேசியை மடிக்கணினியோடு இணைத்தார். சுவர் முழுக்க மனைவியின் செய்தி விரிந்தது: ‘அடுப்பை அணைச்சீங்களா?’

“அணைச்சீங்களா சார்?” என்று வகுப்பே கேட்டது.

கைபேசியைப் பிடுங்கினார். மடிக்கணினி கறுத்துப்போய், தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. வேறு வழியின்றி டேப்லெட்டில், ‘இது யாருக்காவது தெரியுதா? தெரிஞ்சா கை தூக்குங்க’ என்று தட்டி அனுப்பினார்.

ஒரு கையும் எழவில்லை. எழுந்தது கூச்சல்தான். ‘வாயை மூடுங்கடா!’ என்று அதையும் எழுதி அனுப்பிவிட்டு, அதையே வாயாலும் சொன்னார். அடுத்த நிமிடம் அதிகாரி வாசலில் நின்றார். கறுத்த திரை, காத்திருக்கும் டேப்லெட்டுகள், வேர்த்துப்போன ஆசிரியர். மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மணி அடித்ததும் தலைமை ஆசிரியை வந்தார்.

“கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிப்போச்சு சார். அப்படியும் வாயைத் திறக்காமலே வகுப்பை நடத்தியிருக்காங்க. இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் எங்கயும் பார்த்ததில்லைன்னு அதிகாரி மலைச்சுப்போயிட்டார். நாளையிலேருந்து உங்க வகுப்பையும் அவங்களே பார்த்துக்கட்டும்.”

வரலாற்று ஆசிரியர் டேப்லெட்டை ஒப்படைக்கப் பக்கத்து வகுப்புக்குப் போனார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கணக்கு டீச்சர் நாற்காலியில் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்.

“எப்படிம்மா செஞ்சீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்.”

டீச்சர் காற்றாய்ப்போன குரலில் சொன்னார்:

“நான் எதையும் தொடவே இல்லையே சார்... காலையில உங்க வகுப்பு டேப்லெட் வண்டியை மாத்தி இழுத்துட்டு வந்துட்டேன்போல. கணக்கு வகுப்புல தானா வரலாற்றுக் கேள்வி வந்துச்சு, தானா பூட்டிக்கிச்சு, கை தூக்கச் சொல்லி எல்லாரும் தூக்குனாங்க... கடைசியா ‘வாயை மூடுங்கடா’ன்னு வந்ததும் அதிகாரியே மூடிக்கிட்டார்!”