உப்புப் போட்ட விமானத்தை மந்திரித்த தங்கச்சிக்கு

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கச்சி மரியகொறற்றிக்கு,

அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு மகள் றஷ்மி நலம், மருமகன் நலம், நான் நலமில்லை. அதற்குக் காரணம் நீ. வெள்ளவத்தையில் நீ நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதைத் தாங்க உனக்குத் தெம்பு வேண்டும்.

கோயில் வகுப்பில் எழுதப் பழகிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அந்தோனியாருக்கு நன்றி சொல்லித்தான் முதல் கடிதம் எழுதுவதாக இருந்தேன், அவர் பொறுத்துக்கொள்வார். தொலைபேசியில் உன்னை ஏசினால் நான் ஒன்று சொல்ல நீ பத்துச் சொல்வாய், பிறகு மூச்சு வாங்குகிறது என்று வைத்துவிடுவாய். தாளில் அது நடக்காது. நான் ஒவ்வொரு எழுத்தாக ஆறுதலாக ஏசுகிறேன், நீ குறுக்கே பேசாமல் ஆறுதலாக வாசி. இவ்வளவு சுகமான வேலை என்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே எழுதப் பழகியிருப்பேன்.

இரத்மலானையில் நான் விமானம் கழுவிய காலத்தில் எங்கள் கொம்பனியில் 'நீலவால்' என்று ஒரு சின்ன விமானம் நின்றது உனக்குத் தெரியும். வெள்ளை உடம்பு, இரண்டு காற்றாடி, வால் மட்டும் நீலம். அதன் வயிற்றில் எங்கே வெள்ளை உரிந்து தகரம் தெரியும், எந்தப் பக்கத்து இயந்திரம் எண்ணெய் கக்கும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் அதன் பெயரை எழுதியிருந்தார்கள். அந்த எழுத்தை நான் தேய்த்துக் கழுவினேனே தவிர வாசித்ததில்லை. இப்போது அதே விமானத்தைச் சின்னதாகச் செய்து, நிறம் அடித்து, அந்தப் பெயரை என் கையாலேயே எழுதி, நுகேகொடையில் சின்ன மொடல் விமானங்கள் விற்கும் கடைக்கார இன்ஸாப் தம்பியும் கூட்டாளிமாரும் நடத்தும் கண்காட்சியில் வைக்கவேண்டும் என்று இருந்தேன். இந்த வயதில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்குள் நீ நவநாள் பூசைக்கு என்று பெட்டியோடு வந்து இறங்கினாய்.

வந்த அன்றே தொடங்கினாய். நான் அடிப்பூச்சான பிறைமர் அடித்துவிட்டுத் தூசு படாமல் காயவைத்திருந்த அறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டு அதன் கீழே நின்று முகத்துக்குப் பவுடர் பூசினாய், என் விமானம் முறுக்கு மாவில் விழுந்து எழும்பியது மாதிரி ஆனது, அதைச் சான்ட்பேப்பரால் தேய்த்துத் திரும்ப அடித்தேன், ஒரு சொல் சொன்னேனா? பிறகு பெயின்ற் கரைக்கிற தின்னர் போத்தலை மண்ணெண்ணெய் என்று நினைத்து எறும்புக்கு ஊற்றினாய், எறும்பும் போச்சு, நிலத்து மெழுகும் போச்சு, றஷ்மி என்னைத்தான் ஏசினாள். அதையும் விட்டேன். ஆனால் பெயர் எழுதுவதற்கென்று நான் தனியாக வைத்திருந்த, கண் இமை மாதிரி மெல்லிய தூரிகையை எடுத்து இடியப்பத் தட்டுக்கு எண்ணெய் பூசினாயே, அதற்கு நான் என்ன செய்ய? புதுத் தூரிகை வாங்க நுகேகொடைக்குப் போகவேண்டி வந்தது. நான் போனதால்தான் இவ்வளவும் நடந்தது.

இனி நீ கவனமாக வாசி, ஏனென்றால் இந்த வேலையின் சூட்சுமம் உனக்கு இன்னும் விளங்கவில்லை. பெயின்ற் உரிந்த பழைய விமானம் மாதிரிக் காட்டுவதற்கு முதலில் உடம்பு முழுக்க வெள்ளி நிறம் அடிக்கவேண்டும். உரியவேண்டிய இடங்களைத் தண்ணீரால் நனைத்துச் சமையல் உப்பைத் தூவவேண்டும். உப்பு ஒட்டிக்கொண்ட பிறகு அதற்கு மேலே வெள்ளை. வெள்ளை நன்றாகக் காய்ந்ததும் பல்லுத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிரும், அடியில் உள்ள வெள்ளி தெரியும். நிறம் அடிக்க முன்னமே யன்னல்களை ஒட்டு நாடாவால் கட்டி மறைக்கவேண்டும். வெள்ளை அடிப்பது வரைக்கும் நான் செய்து வைத்திருந்தேன். வெள்ளை ஈரமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, ஒருவரும் உள்ளே போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நீ உள்ளே போனாய். உப்பைக் கண்டாய். யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, கோயிலுக்குத் தொலைபேசி எடுத்து, வாகனம் ஒன்றை அவசரமாக மந்திரிக்க வேண்டும் என்று சொன்னாய். சுவாமியார் ஓட்டோவாக்கும் என்று நினைத்து மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று தேடியிருக்கிறார். நீ அவரை அறைக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அவர் உன்னைக் கேட்டதையும் நீ சொன்னதையும் அவரே எனக்குச் சொன்னார்.

"இதுவோ வாகனம்?"

"சின்னன்தான் சுவாமி. ஆனா பறக்கிற சாதி."

நல்ல மனுஷன், வந்த இடத்தில் உன்னை வெட்கப்படுத்த விரும்பாமல், சாரதிக்கும் பிரயாணிகளுக்கும் விபத்து வராமலிருக்க முழுச் செபமும் சொல்லி, கை நிறையத் தீர்த்தம் தெளித்திருக்கிறார். ஈர வெள்ளையில் தீர்த்தம் பட்டது. உப்புக் கரைந்தது. கரைந்த உப்பு வெள்ளையையும் இழுத்துக்கொண்டு இறக்கையால், கதவால், வயிற்றால் கோடு கோடாக வடிந்தது. நான் தூரிகையோடு வந்து பார்த்தபோது என் நீலவால் அழுதுகொண்டு நின்றது. நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாய்.

"உனக்கு ஆரோ செய்துவச்சிருக்கிறாங்கள் அண்ணே. உப்புக் கொட்டி, அதின்ர யன்னல் கண்ணெல்லாம் கட்டி விட்டிருக்கிறாங்கள்."

"கட்டினது நான்தான்."

"அப்ப உனக்கு நீயே செய்துவச்சனியோ?"

அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். உப்பைக் கண்டால் கறியில் போடு, என் விமானத்தில் இருந்தால் தொடாதே. ஒரு விளையாட்டுச் சாமானுக்காகக் கூடப்பிறந்தவளை ஏசுகிறாய் என்று அழுது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நவநாள் முடிய முன்னமே போனாயே, அது விளையாட்டுச் சாமானா? அதன் முதுகை நான் தேய்த்த அளவுக்கு என் முதுகை நான் தேய்த்ததில்லை.

திரும்ப அடிக்க நேரம் இல்லை. ஞாயிறு கண்காட்சி. றஷ்மி, "அப்பா, பேரை எழுதுங்கோ, அப்படியே கொண்டுபோவம்" என்கிறாள். வடிந்த கோடுகளுக்கு நடுவில் பெயரை எழுதிவிட்டேன். கொண்டுபோகிறேன். நாலு பேர் சிரிக்கட்டும். நீ இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவேண்டாம். நத்தார் பண்டிகைக்குக் கேக் அனுப்பவேண்டாம், அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், கஜுப் பருப்புக் கூடப் போட்டிருந்தாலும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவர் சகல ஆசீரும் தருவாராக. மாதா உன் முழங்கால் வலியைச் சுகமாக்குவாராக. சுகமானாலும் இந்தப் பக்கம் வராதே.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
அண்ணன் கொன்ஸ்ரன்ரைன்.

பி.கு. எழுதி முடிக்கச் சனிக்கிழமை ஆகிவிட்டது, அதனால் தபாலில் போடவில்லை. இன்றைக்குத் திங்கள். நேற்று நுகேகொடையில் எல்லாரும் மற்ற விமானங்களை விட்டுவிட்டு என் மேசையைச் சுற்றி நின்றார்கள். கடற்காற்றில் கிடந்து மழையில் நனைந்த விமானம் அச்சாக இப்படித்தான் இருக்கும், இந்த வடிவு காற்றால் நிறம் ஊதுகிற எயார்பிறஷ்ஷால் கூட வராது, எப்படிச் செய்தீர்கள் என்று இன்ஸாப் தம்பி கேட்டான். உன் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன், பழைய கைப்பழக்கம் என்று வந்துவிட்டது. அது எப்படி என்று பார்க்க அவர்கள் எல்லாரும் இன்று பின்னேரம் வீட்டுக்கு வருகிறார்கள். இன்னொரு விமானத்துக்கு உப்புப் போட்டு வெள்ளையும் அடித்துவிட்டேன். சுவாமியார் வந்து முன்னறையில் இருக்கிறார், ஆனால் எவ்வளவு தூரத்தில் நின்று எத்தனை தரம் தீர்த்தத்தை உதறினார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கடிதத்தை றஷ்மி ஓட்டோவில் கொண்டுவருகிறாள். அதே ஓட்டோவில் ஏறு. ஏச்சை வழியில் வாசிக்கலாம். வெள்ளை காய்ந்துகொண்டு போகிறது.