தட்டு மாற்றப் போய்க் கால் மாற்றிய கதை

என் அக்காவின் நிச்சயதார்த்தத்தில் நடந்தவை, வரிசைப்படி:

1. விருந்தினர்கள் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.
2. ஜமக்காளம் போதவில்லை. தட்டு மாற்ற வந்தவர்கள் தரைச் சூட்டில் கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
3. மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டோடு மயங்கிச் சரிந்தார்.
4. இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்த மேதை நான்.

நான் அளவுக் கருவிகளைப் பற்றிப் படித்த பொறியாளர். படித்ததில் மண்டையில் நின்றது ஒன்றுதான்: எந்தக் கருவியையும் நம்பாதே, அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார். இதை வைத்துக்கொண்டு அந்தக் கோடை முழுக்கக் குடும்ப வாட்ஸப் குழுவில் வகுப்பெடுத்தேன். பூமி ஒன்றும் சூடாகவில்லை, வெப்பமானியைத் தார் ரோட்டோரம் வைத்துப் பயமுறுத்துகிறார்கள். வெயிலால் யாரும் சாவதில்லை, ஏற்கெனவே வியாதி இருந்திருக்கும். திருவண்ணாமலை அக்னி ஸ்தலம், இங்கே என்றைக்கு வெயில் கம்மியாக இருந்தது? (மாப்பிள்ளை வீட்டாரையும் அப்போதுதான் குழுவில் சேர்த்திருந்தோம். யாரும் பதில் போடவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.)

கத்திரி வெயில், ஏசி மண்டபம் பிடிக்கலாம் என்றார் அப்பா. நான் ஆதாரத்தை நீட்டினேன். எங்கள் கூடத்தில் தொங்கும் என் சொந்த வெப்பமானி, செய்தியில் சொல்வதைவிட எப்போதும் கம்மியாகவே காட்டியது. மலை தெரிய மாடியில் நடுப்பகலில் வைத்தால் போட்டோ நன்றாக வரும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்பா அடங்கிவிட்டார்.

மயங்கியவரை நிழலுக்குத் தூக்கிப் போய், ஈரத் துண்டால் துடைத்து விசிறியதும் கண் விழித்தார். எங்களுக்கு உயிர் வந்தது. அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை தட்டை ஓரமாக நகர்த்திவிட்டார்.

"சகுனம் சரியில்லீங்க. தள்ளி வெச்சுப் பார்க்கலாம்."

தள்ளி வைத்த நிச்சயம் எங்கே போய் முடியும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பழியைச் சகுனத்திடமிருந்து பிடுங்கி வேறு யார் தலையிலாவது போட வேண்டும். கைக்கு எட்டியது வெயில் ஒன்றுதான்.

"சகுனம் இல்லீங்க அத்தை, வெயிலு," என்றேன். பூமி சூடாவது, சிமெண்டுத் தரை வெப்பத்தைப் பிடித்து வைப்பது, உடம்பில் நீர் குறைந்தால் மயக்கம் வருவது என்று, அதுவரை கிண்டலடித்த அத்தனையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அத்தை நிதானமாகக் கேட்டார். "வெயிலெல்லாம் புரளின்னு குரூப்ல போட்டது நீதானேம்மா?"

"நான்தாங்க."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றதா?"

(இந்தக் கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.) வெப்பமானியை எடுத்துவரக் கீழே ஓடினேன். கழற்றும்போதுதான் பார்த்தேன்: இத்தனை நாளும் அது, தண்ணீர்ப் பானையைச் சுற்றியிருந்த ஈரத்துணியை உரசிக்கொண்டு தொங்கியிருக்கிறது. ஊரிலுள்ள கருவிகளையெல்லாம் சந்தேகப்பட்டவள் என் வீட்டுக் கருவியை எட்டிப் பார்க்கவில்லை.

அதை மாடிக்குக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்து, பானை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எண் ஏற ஏற என் மானம் இறங்கியது. அத்தை கண்ணைச் சுருக்கி அதைப் படித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் ஆட்களிடம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு பானைக்கு ஜுரம் பார்த்துட்டு, நமக்கு ஒண்ணும் இல்லன்னுட்டா. வாங்க, கீழ போய்த் தட்டு மாத்தலாம்."

மாற்றினோம். அக்கா இப்போது கீழ்பென்னாத்தூரில் சௌக்கியம், மாமனாரும் சௌக்கியம். அந்த வீட்டில் காதுகுத்தோ வளைகாப்போ வந்தால், எந்த நேரம் வைக்கலாம் என்று அத்தை எனக்குத் தவறாமல் போன் செய்கிறார். நான் சொல்லும் நேரத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, வேறு நேரம் வைக்கிறார்கள். வெயிலை நான் நம்புகிறேன். என்னை அவர்கள் நம்புவதில்லை.