நிழலுக்கு ஒரு லாவண்டர்

பக்கத்து வீட்டு லாவண்டர் செத்துவிட்டது. லிஃப்ட்காரர் இடுப்பளவுச் சுவரின்மேல் வயிற்றை வைத்துச் சாய்ந்து, அதன் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே துளிப் பச்சை இல்லை. தண்ணீர் போதவில்லையோ என்று ஒரு குவளை ஊற்றினார். அவர் தினம் ஊற்றிய தண்ணீரில்தான் அது அழுகியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

வெறும் செடி செத்திருந்தால் பரவாயில்லை. அந்த இடத்துக்கு அதைச் சிபாரிசு செய்தவரே அவர்தான்.

லிஃப்ட்காரர் என்று தெருவில் அவரைச் சொல்வது சும்மா இல்லை. வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் போகும் இருட்டுக் குழிகளுக்குள் நின்று இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் போட்டவர். அவருக்குத் தெரிந்த திசைகள் இரண்டு. ஒன்று மேலே, இன்னொன்று கீழே. மனைவி போய், வேலையும் ஓய்ந்த பிறகு, மகள் நச்சரித்ததால் மாடிக் குடியிருப்பை விட்டு இந்தத் தனிவீட்டுக்கு வந்தார்.

"மண்ணுல காலை வச்சு நாலு தடவை நடங்கப்பா. மனசு லேசாகும்" என்றாள் மகள்.

வந்த புதிதில் மண் மட்டும்தான் இருந்தது. பிறகு ஒருநாள் முன்தோட்டத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள் தாமாகவே கிளம்பிவிட்டன. முன்பு குடியிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. குளிரில் கருகினாலும் வருஷாவருஷம் வேரிலிருந்தே திரும்பி வருகிற ஜாதி. லிஃப்ட்காரர் அவற்றுக்குச் செய்த ஒரே உபகாரம், களை என்று நினைத்துப் பிடுங்காமல் விட்டதுதான். அதுவும் குனியச் சோம்பலாக இருந்ததால்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தோட்டம் ரொம்ப நல்லாயிருக்கு சார். எப்படி வளர்க்கறீங்க?"

பக்கத்து வீட்டம்மாள். ஏறக்குறைய அவர் வயதுதான். தனியாக இருப்பவர். காலையில் சாப்பாட்டுப் பையோடு பஸ் பிடிக்கப் போவார், சாயங்காலம் திரும்புவார்.

"அதுவா வந்துச்சு" என்று சொல்லியிருந்தால் தொல்லை அங்கேயே முடிந்திருக்கும். பேச்சும் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வாரத்தில் போனில் இல்லாமல் நேரில் அவரோடு பேசிய முதல் மனுஷி அந்த அம்மாள்.

"கை பழகிட்டா வந்துடும்" என்றார் லிஃப்ட்காரர்.

"எங்க பக்கம் இந்த மரத்தால பூரா நிழல். நான் வேலை வேலைன்னு ஓடிட்டு இருக்கேன், வீட்டுல ஒரு செடி வைக்க நேரமில்ல. வருஷா வருஷம் புதுசா நடாம, வச்சது வச்சபடி நிக்கணும். என்ன வைக்கலாம்?"

லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு செடியின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. அவர் மனைவி வாங்கும் சோப்பின் உறையில் அது இருக்கும்.

"லாவண்டர்."

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "நிழல்லயா?"

"நிழல்லதான். வெயில்ல எல்லாரும்தான் வளர்ப்பாங்க."

"அப்படியா" என்று உதட்டை மடித்துக்கொண்டார் அந்த அம்மாள். "அப்ப நீங்களே வாங்கிட்டு வந்து வச்சுக் குடுத்துடுங்க சார்."

கடைவீதி முடிகிற இடத்தில் ஒரு நர்சரி இருந்தது. கையில் தண்ணீர்க் குழாயோடு பருத்த ஆள் ஒருவர் தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"வெயில்ல வைக்கவா, நிழல்ல வைக்கவா?" என்றார் குழாய்க்காரர்.

"நிழல்ல."

குழாய்க்காரர் தன் செருப்பின்மேலேயே தண்ணீர் விட்டுக்கொண்டார். "சார், லாவண்டர் வந்து..."

"எல்லாம் தெரியும். எங்க பக்கத்து வீட்டுல, பெரிய மரத்தடியில வைக்கப் போறேன். பச்சை கேட் போட்ட வீடு."

"ஓ, அந்த வீடா" என்றார் குழாய்க்காரர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் செடியைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் செடிதான் இப்போது செத்துக் கிடந்தது. ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் உருவாகியிருந்தது. சாயங்காலம் ஆனால் அந்த அம்மாள் சுவரோரம் வருவார். செடி எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, பஸ்ஸில் சண்டை போட்டவர்கள், லிஃப்டில் மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடியவர்கள் என்று பேச்சு எங்கெங்கோ போய் இருட்டும்போதுதான் முடியும். "இப்பல்லாம் உங்க குரலே நல்லாயிருக்குப்பா" என்று மகள்கூடப் போனில் சொல்லியிருந்தாள்.

செடி செத்த செய்தியை எந்த வாயால் சொல்வது? லிஃப்ட்காரர் அந்த அம்மாள் பஸ் ஏறியதும் நர்சரிக்கு ஓடி, புது லாவண்டர் வாங்கிவந்து, பழையதைப் பிடுங்கிய குழியிலேயே நட்டுவிட்டார்.

சாயங்காலம் அந்த அம்மாள் சுவரோரம் வந்து நின்றார்.

"காலையில மொட்டுகூட இல்லையே சார். இப்ப பூத்திருக்கு."

"நிழல்ல அப்படித்தான். ஒரேயடியா பூக்கும்."

"இலையெல்லாம் ரெட்டிப்பா இருக்கு."

"தினம் பேச்சுக் குடுக்கறேன். அதுல ஒரு தெம்பு."

"நல்லாத்தான் பேசறீங்க" என்றார் அந்த அம்மாள்.

பொய் வளர்ந்த வேகத்தில் செடி வளர்ந்திருந்தால் அவருக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. எதிர்வீட்டில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் காதுக்கு விஷயம் போய், அவள் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அங்கிள், ஒரே நாள்ல பூக்க வைப்பீங்களாமே. இந்தப் பெரணிச் செடி ஏனோ வாடுது. கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்."

பெரணி மெத்தென்று பச்சைச் சீப்புகளாய் விரிந்து, ஓரத்தில் மட்டும் சற்றே துவண்டிருந்தது. வாடியதற்கு மருந்து வெயில்தான் என்று முடிவு கட்டிய லிஃப்ட்காரர், தன் தோட்டத்தில் வெயில் சுள்ளென்று விழுகிற இடமாகப் பார்த்து அதை வைத்தார். மறுநாளே சீப்புகளின் நுனியெல்லாம் அப்பளமாய்ப் பொரிந்துவிட்டது.

மறுபடி நர்சரி. இந்த முறை ஒரு பெரணி, ஒரு லாவண்டர். இரண்டாவது லாவண்டரும் அதற்குள் தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

குழாய்க்காரர் வாயைத் திறந்தார், மூடினார். "கொஞ்சம் இருங்க சார், பண்ணைக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கறேன்" என்று ஒதுங்கிப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. இருப்பதிலேயே கொழுத்த லாவண்டரைத் தூக்கிக் கொடுத்தார்.

"செடிங்களை எங்க வைக்கணும்னு ஏதாவது..." என்று லிஃப்ட்காரர் முதல்முறையாக இழுத்தார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்" என்று குழாய்க்காரர் வேறு தொட்டிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் முதல்முறையாக உட்கார்ந்து யோசித்தார். மெக்கானிக் மூளை வேலை செய்தது. லாவண்டருக்கு வெளிச்சம் போதவில்லை. பெரணிக்கு வெளிச்சம் அதிகம். கோளாறு இவ்வளவுதான். இதற்கெல்லாம் கருவி இருக்கிறது.

பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. அதை ஏணியில் கட்டித் தன் தோட்டத்தில் சாய்த்து நிறுத்தினார். வெயில் அதில் பட்டு, சுவரைத் தாண்டி, மரத்தடி லாவண்டர்மேல் பளீரென்று விழுந்தது. பிறகு மனைவியின் பூப்போட்ட குடையை விரித்துப் பெரணிக்குப் பக்கத்தில் நட்டார். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

அவர் படுத்தாலும் சூரியன் படுக்கவில்லை. அது நகர நகரக் கண்ணாடி வெளிச்சமும் நகர்ந்தது. லாவண்டரை விட்டு இறங்கி, பச்சை கேட்டில் ஏறி, தெருவைக் கடந்து, கிளினிக் ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தது.

பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அவள் பின்னால் ஒரு கன்னம் மரத்துப்போன நோயாளி ஒருவர்.

"அங்கிள், என்ன இது? இவர் வாயில லைட் அடிச்சுப் பார்க்கறேன், உங்க வீட்டுல இருந்து எங்க ரெண்டு பேர் கண்ணுலயும் லைட் அடிக்குது."

"ழொம்ப ழூசு" என்றார் நோயாளி.

"செடிக்கு வெளிச்சம் குடுத்தேம்மா."

பல் டாக்டர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் நிழலில் நின்று கண்ணாடி வெளிச்சத்துக்கு ஏங்கும் லாவண்டர். இந்தப் பக்கம் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் பெரணி. அது தன் பெரணி இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

"ரெண்டையும் இடம் மாத்தி வச்சா என்ன அங்கிள்?" என்று கேட்டுவிட்டு நோயாளியை இழுத்துக்கொண்டு போனாள்.

லிஃப்ட்காரர் கண்ணாடியையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை காலம் மேலே கீழே என்று போய்வந்தவருக்குப் பக்கவாட்டில் ஒரு வழி இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மண்வெட்டியை எடுத்தார். சுவரின்மேல் சாய்ந்து பார்த்தார், வேரோடு தோண்டி எடுக்கக் கை எட்டவில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறி அந்தப் பக்கம் குதித்தார். லாவண்டரைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் பெரணியை இறக்கி, வேரை மண்போட்டு அமுக்கிக்கொண்டிருந்தபோது பச்சை கேட் கிறீச்சிட்டது.

"இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சுது" என்றார் பக்கத்து வீட்டம்மாள். "என்ன சார், என் தோட்டத்துல?"

முழங்கால்வரை மண். மடியில் லாவண்டர். லிஃப்ட்காரருக்கு வழக்கம்போல் ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"எனக்குச் செடியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. என் தோட்டம் அதுவா வந்தது. உங்களுக்கு வச்ச லாவண்டர் எப்பவோ செத்துப்போச்சு. இது மூணாவது. நீங்க பஸ் ஏறினதும் மாத்தி மாத்தி வச்சேன்."

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தார். "செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு பாடு?"

"செடி இல்லேன்னா, சாயங்காலம் நீங்க எதுக்காகச் சுவர்கிட்ட வரப்போறீங்க?"

மரத்தில் ஏதோ ஒரு பறவை இடம் மாறி உட்கார்ந்தது. அந்த அம்மாள் குனிந்து, பெரணியைச் சுற்றி இருந்த மண்ணைக் கையால் ஒதுக்கிச் சரிசெய்தார். முகம் திரும்பியிருந்ததால் அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா?" என்றார்.

"எனக்கா? என்ன வேலை."

"அப்ப ரெண்டு பேருமா நர்சரிக்குப் போகலாம். உங்க வெயிலுக்கு எது நிக்கும், என் நிழலுக்கு எது நிக்கும்னு நிதானமா பார்த்து எடுக்கலாம். ஒரு தடவை வச்சா வருஷக்கணக்கா இருக்கப்போறது. அவசரப்படக் கூடாது."

அன்றிரவு போனில் மகள், "என்னப்பா, பாட்டு முணுமுணுக்கறீங்க?" என்று கேட்டாள். "நிழல்ல வளர்ற செடி எதெதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். அது உண்மையாகவே இருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் தடவித் தலைவாரி, தயாராகிச் சுவரோரம் நின்றார். போகும் வழியெல்லாம், நர்சரி ஆள் கொஞ்சம் முசுடு, எதைக் கேட்டாலும் மழுப்புவான், கூச்சப்படாமல் அதட்டிக் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். அந்த அம்மாளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

வாசலில் இவர்களைக் கண்டதும் குழாய்க்காரர் குழாயை அடைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவசரமாக முன்னால் வந்தார்.

"வாங்க முதலாளியம்மா. எது கேட்டாலும் குடு, எதுவும் சொல்லிக்குடுத்துடாதேன்னு பண்ணையில இருந்து போன்ல சொன்னீங்களே, அந்தப் பக்கத்து வீட்டு சார் இவர்தான்."